ஆட்டோ மீட்டருக்குள் ஓர் இயற்கணிதக் கோவை

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். காத்திருந்தால் 5 நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 70 காசு. அந்த ரேட்டுக்கு இன்றைக்கு எந்த அண்ணன் வண்டி எடுப்பார் என்று கேட்காதீர்கள். கணக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தூரம் 'த' கிலோமீட்டர், காத்திருப்பு 'க' நிமிடம் என்று வைத்தால், கட்டணம் இது:

25 + 12(த − 1.8) + 0.7க

எண்களையும் எழுத்துகளையும் கூட்டல், கழித்தல், பெருக்கலால் கோத்த இதுதான் இயற்கணிதக் கோவை. பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். அது 1637இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டெக்கார்ட் பரப்பிவிட்ட பழக்கம். தமிழ் எழுத்துப் போட்டாலும் விடை மாறாது. த, க இரண்டும் மாறிகள். அந்த இடத்தில் எண் வந்து உட்காரும்வரை கோவை ஒரு ரூபாய்கூடச் சொல்லாது. மயிலாப்பூர் குளத்தங்கரையில் ஏறுகிறீர்கள், 6.8 கிலோமீட்டர் பயணம், நடுவே மருந்துக்கடையில் 10 நிமிடம். எழுத்துகளின் இடத்தில் இந்த எண்களைப் போட்டால், அதாவது பிரதியிட்டால்:

25 + 12(6.8 − 1.8) + 0.7(10) = 25 + 60 + 7 = 92

அடைப்புக்குறியை மறந்து 25 + 12 × 6.8 − 1.8 + 7 என்று போட்டால் 111.80 வரும். முதல் 1.8 கிலோமீட்டரை 12ஆல் பெருக்காமல் அப்படியே கழித்ததற்கு அபராதம் 19 ரூபாய் 80 காசு.

ஒரே ஒரு கிலோமீட்டர் போய், எங்கும் நிற்காமல் இறங்கினால்? த = 1 என்று போடுங்கள்: 25 + 12(−0.8) = 15.40. குறைந்தபட்சமே 25 ஆயிற்றே! பிரதியிட்டதில் தப்பில்லை. இந்தக் கோவை 1.8 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்துக்கு எழுதப்பட்டதே அல்ல.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது குறை எண்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் நோட்டில் போன வாரம் பார்த்தேன். கோவை அ² − 2அ + 1; அ = −3. அவள் எழுதியது:

−3² − 2 − 3 + 1 = −13

"மாமா, மூணு ஸ்கொயர் ஒன்பது, முன்னாடி மைனஸ். சரிதானே?"

"நீ எழுதினதுக்கு அது சரிதான்டி. ஆனா அடுக்கு 3 மேல மட்டும் இல்ல, −3 முழுசுக்கும் மேல. அப்புறம் 2அ-ன்னா நடுவுல பெருக்கல் ஒளிஞ்சிருக்கு. அது எங்க போச்சு?"

அழித்துவிட்டு, எழுத்து இருந்த இடத்தில் எல்லாம் முதலில் வெறும் அடைப்புக்குறி போடச் சொன்னேன்: ( )² − 2( ) + 1. பிறகு உள்ளே −3. இப்போது 9 + 6 + 1 = 16. பெரியவர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். மனக்கணக்கு கெட்டிக்காரர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள்.

கணினியாவது ஒழுங்காகச் செய்யுமா என்றால், எக்ஸெல்லில் =-3^2 என்று தட்டிப் பாருங்கள் (^ என்பது அங்கே அடுக்குக் குறி). 9 என்னும். பைத்தான் என்ற நிரல்மொழியில் அடுக்குக் குறி **; அதில் -3**2 என்றால் -9. எக்ஸெல் குறியை எண்ணோடு ஒட்டிவைத்துவிட்டு அடுக்கை ஏற்றுகிறது. பைத்தான் நம் கணக்கு வாத்தியார் வழியில் அடுக்கை முதலில் முடிக்கிறது. (-3)^2, (-3)**2 என்று அடைத்துக் கொடுத்தால் இரண்டும் 9 என்றுதான் சொல்லும்.