ஸ்பிரிங் ரிவெர்ப் – சுருள்வில் எதிர்முழக்கம்

கிட்டார் தந்தியை மீட்டிக் கையெடுத்த பிறகும், பின்னால் உலோகச் சாயலோடு ஓர் ஒலி நெளிந்து நெளிந்து தேயும். அந்த ஒலிக்கும் அதைத் தரும் கருவிக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் என்று பெயர். தமிழில் இதை ‘ஸ்பிரிங் எதிரொலி’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது பொருந்தாது.

ரிவெர்ப் என்பது ரிவெர்பரேஷன் என்பதன் குறுக்கம். இலத்தீனில் ‘வெர்பெர்’ என்றால் சாட்டை, பிரம்பு; ‘ரெவெர்பெராரே’ என்றால் திருப்பி அடித்தல். நம் இயற்பியல் பாடநூல்கள் இதற்கு எதிர்முழக்கம் என்ற சொல்லைத் தருகின்றன. மூல ஒலிக்குப் பின் சுமார் 0.1 நொடி கழித்துத் தனியாகக் காதில் விழுந்தால் எதிரொலி. திரும்பும் ஒலிகள் பிரித்தறிய முடியாதபடி கலந்து, நீண்டு, தேய்ந்தால் எதிர்முழக்கம். சிலர் சொல்லும் ‘அதிர்வு’ எல்லா ஒலிக்கும் பொது. ‘கார்வை’ அழகான சொல்தான்; ஆனால் அது இசைப்பவர் சுரத்தை நீட்டி நிறுத்துவதைக் குறிப்பது. ஸ்பிரிங்குக்குச் சுருள்வில் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால், சுருள்வில் எதிர்முழக்கம் என்பதே சரி. பேச்சில் ‘சுருள்வில் முழக்கம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

தொலைதூரத் தொலைபேசி இணைப்பில் ஒலி தாமதமாவதைப் போலிசெய்ய அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சுருள்வில்லைப் பயன்படுத்தியது. அந்த எண்ணத்தை 1930களில் லாரன்ஸ் ஹாமண்ட் தம் மின் ஆர்கனுக்குக் கொண்டுவந்தார். கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் 1961இல் கிட்டாருக்கென்று தனி ரிவெர்ப் பெட்டியை விற்றது. 1963இல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வைத்தது. கடலலைச் சறுக்கு இளைஞர்களின் சர்ஃப் இசைக்கு அடையாளமே அந்த ஈரமான ஒலிதான்.

பெட்டிக்குள் இரண்டு அல்லது மூன்று மெல்லிய சுருள்வில்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் மின்காந்தச் சுருள் சிறு காந்தத்தை முறுக்கி ஆட்டும். அந்த முறுக்கு அலை சுருள்வில் வழியே மறுமுனைக்குப் போய், அங்கே மறுபடி மின்சாரமாகும். ஒரு பகுதி திரும்பி ஓடும், மீண்டும் வரும். எல்லா அதிர்வெண்களும் கம்பியில் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரே தட்டு, நீண்டு இழுபட்ட கீச்சொலியாக மாறுவது அதனால்தான். சுவரும் கூரையும் தரும் எதிர்முழக்கத்தில் இந்த நெளிவு கிடையாது. சுருள்வில்லை அறைக்கு மலிவான மாற்றாகக் கருதுவது எனக்கு உடன்பாடில்லை. இதை ஒரு வாத்தியமாகவே நினைத்துக் கையாள வேண்டும்.

பதிந்த ஒலித் தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கில் இதைத் தனி ஆக்ஸ் டிராக்கில் (துணைத் தடத்தில்) வைத்து, வேண்டிய டிராக்குகளிலிருந்து செண்ட் (ஒலியின் ஒரு பிரதி) அனுப்புவது நல்லது. அனுப்பும் ஒலியில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸ் (தாழ் ஒலி) பகுதி குழம்பிவிடும். கிட்டார், ஆர்கன், குரல் ஆகியவற்றோடு இது இயல்பாக ஒட்டும். ஸ்நேர் டிரம் போன்ற கூர்மையான அடிகளில் ‘பொய்ங்’ என்று துள்ளும். அது வேண்டாமென்றால் முன்னால் ஒலியின் உச்சத்தை அடக்கும் கம்ப்ரஸரோ லிமிட்டரோ வைத்து அடியின் முனையை மழுக்கலாம். வேண்டுமென்றால் அப்படியே விடலாம். ரெக்கே பாடல்களை மறுகலவை செய்யும் ஜமைக்காவின் டப் இசைக்காரர்கள் பெட்டியையே தட்டி, இடி முழக்கத்தை வரவழைத்தார்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலும் மோனோ (ஒற்றைத் தட ஒலி) என்பதும் வசதிதான். கிட்டாரை இடப்பக்கமும் அதன் முழக்கத்தை வலப்பக்கமும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் குரலுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

கருவியை ஆங்கிலத்தில் டேங்க் என்பார்கள். அதைத் ‘தொட்டி’ என்று பெயர்த்தால் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ‘சுருள்வில் பெட்டி’ என்றால் யாருக்கும் விளங்கும்.