சென்சார் பாத்துக்கும்னு நம்பி எஞ்சினைக் கொல்லாதீங்க

இந்த மாசம் மட்டும் மூணாவது எஞ்சினை நேத்து திறந்தேன். மூணும் பெரிய பவர் வண்டி, மூணு பேரும் பெட்ரோல் விலை ஏறினதால மிச்சம் பிடிக்கப் பாத்தவங்க, மூணுலயும் பிஸ்டன் போச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நேத்து வந்தது ட்வின் டர்போ, 500 குதிரைசக்திக்கு மேல. ஓனர் சின்னப் பையன், செகண்ட் ஹேண்ட்ல லோன் போட்டு வாங்கினது, வண்டியை அப்படி வெச்சிருக்கான், ஒரு கீறல் கிடையாது. "அண்ணா, ஐடில்ல நடுங்குது, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது"ன்னான். ப்ளக்கைக் கழட்டினேன். நாலாவது ப்ளக்கோட வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி, நடுநடுவுல ஊசிமுனை அளவுக்குப் பளபளன்னு வெள்ளிப் பொட்டு. அந்த வெள்ளியைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா அது பிஸ்டனோட அலுமினியம். கேமராவை உள்ள விட்டுப் பாத்தா பிஸ்டன் ஓரம் எலி கொறிச்ச மாதிரி இருக்கு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறற அழுத்தம், மத்த சிலிண்டர்ல இருக்கறதுல பாதி கூட இல்ல.

"என்ன பெட்ரோல் தம்பி போடற?"

"விலை ஏறினதுல இருந்து சாதாதாண்ணா. நாக் சென்சார் இருக்குல்ல, அதுவே அட்ஜஸ்ட் பண்ணிக்கும்னு சொன்னாங்க."

டேங்க் மூடிக்கிட்ட கூட்டிட்டுப் போயி, உள்பக்கம் படிஞ்சிருந்த தூசியைத் துடைச்சுக் காட்டினேன். 98-ன்னு, அதாவது 98 ஆக்டேன் பெட்ரோல்தான் போடணும்னு, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. வாராவாரம் அவன் கையாலயே திறந்து மூடின மூடி அது. திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முகத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன்.

இந்த "சென்சார் பாத்துக்கும்"ங்கற பேச்சை யாரு ஆரம்பிச்சாங்களோ தெரியல, இதுதான் இப்ப என்கிட்ட வர்ற வண்டிகளைக் கொல்லுது. அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்குங்க. நாக் சென்சார்ங்கறது பிளாக்ல போல்ட் போட்டு வெச்சிருக்கற ஒரு சின்னக் காது. நாக்கிங், அதாவது பெட்ரோல் காத்துக் கலவை தானாப் பத்தி வெடிச்சு அடிக்கறது, வந்தா சிலிண்டருக்குள்ள ஒரு சத்தம் கிளம்பும், சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்து 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கும், அதைத்தான் அது கேக்குது. கேக்குதுன்னா என்ன அர்த்தம்? அடி ஏற்கனவே விழுந்தாச்சுன்னு அர்த்தம். அடி விழுந்த பிறகுதான் இ.சி.யு-ங்கற எஞ்சின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளி வைக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு "சரியாப் போச்சா பாப்போம்"னு பழைய இடத்துக்குக் கொண்டு வருது, பெட்ரோல் அதே மட்டப் பெட்ரோல்தானே, மறுபடியும் அடி, மறுபடியும் தள்ளுது. நாள் முழுக்க இதேதான் நடக்கும். எப்பவாவது ஒரு தடவை தப்பான பெட்ரோல் மாட்டிக்கிட்டா எஞ்சின் தப்பிக்கட்டும்னு வெச்ச ஏற்பாடு அது, மாசக்கணக்கா அதை வெச்சே குடும்பம் நடத்த வெச்சது இல்ல.

சரி, அது காப்பாத்திடுச்சுன்னே வெச்சுக்குவோம். ஸ்பார்க் லேட்டானா எரியறதும் லேட்டாகுது, அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளாம அப்படியே எக்ஸாஸ்ட்ல போகுது. பவர் குறையும். டர்போவும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூட்டுல வேகும், அதைக் குளிர வைக்க நிறைய வண்டியில இ.சி.யு கூடுதலாப் பெட்ரோலை ஊத்தும். புரியுதா? மிச்சம் பிடிக்கத்தான் மட்டமான பெட்ரோல் போட்டீங்க, அழுத்தி ஓட்டறப்ப வண்டி அதையே அதிகமாக் குடிக்குது. பணமும் மிச்சம் ஆகல, வண்டியும் ஓடல. இதுல ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது பவர் ஏத்த இ.சி.யு புரோகிராமை மாத்தறது, வேற பண்ணி வெச்சிருந்தா கேக்கவே வேணாம், கம்பெனி விட்டு வெச்ச பாதுகாப்பு இடைவெளியைப் பவரா மாத்திட்டாங்க, சென்சார் தள்ளறதுக்கு இடமே பெருசா இருக்காது. நேத்து வந்த வண்டியும் ரீமேப்தான், 98-க்குன்னு போட்ட மேப்பு, உள்ள ஓடினது 91.

இன்னொரு குழப்பம் இருக்கு, இது இம்போர்ட் வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு. ஒருத்தர் மேனுவலைக் கையில எடுத்துட்டே வந்தாரு, "91 போதும்னு போட்டிருக்கு பாருங்க"ன்னு. போட்டிருக்கு, ஆனா அது அமெரிக்க மேனுவல். அங்க பங்க்ல எழுதற நம்பர் ஏ.கே.ஐ, அதாவது ஆக்டேனை ரெண்டு விதமா அளந்து வர்ற ஆர்.ஓ.என், எம்.ஓ.என் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தது. உலகத்துல பெரும்பாலான இடத்துல பங்க்ல எழுதறது ஆர்.ஓ.என் மட்டும். அமெரிக்காவோட 91 மத்த ஊர்ல கிட்டத்தட்ட 95, 96. அவங்க 93-ங்கறது 98 பக்கம். நம்பர் ஒண்ணா இருக்குன்னு நம்பி ஊத்திடாதீங்க, அது எந்தக் கணக்குல எழுதின நம்பர்னு பாருங்க.

அதே சமயம் ஆக்டேன் அதிகமா இருந்தா பெட்ரோல்ல சக்தி அதிகம்னு நினைக்கறதும் தப்பு. ஆக்டேன்ங்கறது தானாப் பத்திக்காம எவ்வளவு தாக்குப் பிடிக்கும்ங்கற அளவு, அவ்வளவுதான். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0-ன்னு வெச்சு அளக்கறாங்க. எத்தனாலை எடுத்துக்குங்க, அதோட ஆக்டேன் பெட்ரோலை விட அதிகம், ஆனா ஒரு லிட்டர்ல இருக்கற சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி. 91 போதும்னு சொல்ற சாதா காருக்கு 98 ஊத்தறது தண்டச் செலவு, நானே வேணாம்னுதான் சொல்வேன். ஆனா 98 வேணும்னு சொல்ற வண்டிக்கு 91 ஊத்தாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

கணக்கே போட்டுப் பாத்துடுவோம். இந்த மாதிரி வண்டியைப் பெரும்பாலும் லீவு நாள்லதான் எடுக்கறீங்க, வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம், லிட்டருக்கு 7 கிலோமீட்டர்னா 570 லிட்டர் சொச்சம். நல்ல பெட்ரோலுக்கும் சாதாவுக்கும் லிட்டருக்கு என்ன வித்தியாசமோ அதை 570-ஆல பெருக்குங்க. பக்கத்துலயே உங்க வண்டிக்கு ஒரு செட் பிஸ்டன், ரிங், கேஸ்கெட், அதோட எஞ்சினை இறக்கி ஏத்தற கூலி எவ்வளவுன்னு விசாரிச்சு எழுதுங்க. அந்தப் பையன் நேத்து என் முன்னாடி உக்காந்து இதைத்தான் போன்ல போட்டுப் பாத்தான், பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

மிச்சம் பிடிக்கறேன்னு பண்ற மத்த வேலைகளும் இருக்கு. டாப் கியரைப் போட்டு 1,200 ஆர்.பி.எம்-ல வண்டியை முக்க வெச்சு, அதுலயே ஆக்சிலரேட்டரையும் அழுத்தறது. டர்போ, டைரக்ட் இஞ்செக்‌ஷன் எஞ்சினுக்கு இது விஷம். ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் காத்துக் கலவை பத்திக்கும், அப்ப டைமிங்கை எவ்வளவு தள்ளி வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ஒரே அடியில கூட பிஸ்டன் உடையலாம். இதுக்குன்னே 2018-ல எஸ்.என் பிளஸ், 2020-ல எஸ்.பி-ன்னு ஆயில் தரத்தையே மாத்தினாங்கன்னா பிரச்சனை எவ்வளவு பெருசுன்னு பாத்துக்குங்க. வேகமா அழுத்தணும்னா ஒரு கியர் இறக்கிட்டு அழுத்துங்க. ஆயில் விலையில கை வைக்காதீங்க, மேனுவல்ல என்ன அப்ரூவல் நம்பர் இருக்கோ அதே நம்பர் டப்பாவுலயும் இருக்கணும்.

இறக்கத்துல நியூட்ரல் போடறது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்ப வர்ற எஞ்சின்ல கியர்ல இருந்தபடியே காலை எடுத்தா இஞ்செக்டர் பெட்ரோலையே நிறுத்திடும், நியூட்ரல்ல போட்டாத்தான் ஐடில்ல ஓட பெட்ரோல் குடிக்கும். எஞ்சினையே ஆஃப் பண்ணி இறக்கறவங்களும் இருக்காங்க, பவர் ஸ்டீயரிங் போயிடும், பிரேக் ரெண்டு மிதிக்கு மேல கல்லு மாதிரி ஆயிடும், இத்தனை பெரிய வண்டியை எப்படிங்க நிறுத்துவீங்க?

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்ல "30 பாயிண்ட் ஏறும்"னு இருக்கும், ஆனா நிறைய கம்பெனிக்கு ஒரு பாயிண்ட்னா 0.1 ஆக்டேன், மொத்தமே 3 தான். சிலதுல இரும்பு கலந்திருக்கும், ப்ளக் செம்மண் கலர்ல வருதுன்னா அந்த பாட்டில்தான் காரணம்னு பாத்ததும் சொல்லிடுவோம். காந்தம், மாத்திரை, லைட்டர் சாக்கெட்ல சொருகற டப்பா எதுவும் வேணாம், அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு இந்த மாதிரி 100-க்கும் மேல சோதிச்சுப் பாத்தாச்சு, பெரும்பாலானது ஒண்ணுத்துக்கும் உதவல.

விலை ஏறப் போகுதுன்னு கேன்ல பிடிச்சு வீட்ல வைக்கறவங்ககிட்ட மட்டும் கோபமா இல்லாம பயத்தோடயே சொல்றேன். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிலயே பத்திக்கக் கூடியது, காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போயி எங்கயோ இருக்கற சுவிட்ச்ல பொறி வந்தாப் போதும். குழந்தைங்க தூங்கற வீடு அது. இன்னைக்கே வெளியேத்திடுங்க.

அப்புறம் ஓட்டாம மூடி வெச்சுட்டு வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் உறும விடறது. ஆயில் சூடே ஆகாது, உள்ள தண்ணியும் பெட்ரோலும் ஆயிலோட கலக்கும், ஸ்டார்ட்டர் எடுத்த சார்ஜை அஞ்சு நிமிஷம் திருப்பித் தராது. ஒண்ணு முழுசா அரை மணி நேரம் ஓட்டுங்க, இல்லாட்டி தொடவே தொடாதீங்க, சார்ஜ் இறங்காமப் பாத்துக்கற பேட்டரி மெயின்டெய்னர் ஒண்ணு மாட்டி வெச்சாப் போதும். டயர்ல காத்தை ஏத்தி வெச்சு மைலேஜ் பாக்காதீங்க, நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், மழையில பிரேக் அடிக்கறப்ப தெரியும். டோர் பில்லர்ல இருக்கற அளவு, டயர் ஆறியிருக்கறப்ப, அவ்வளவுதான்.

நிஜமாவே மிச்சம் ஆகறது உங்க வலது கால்ல இருக்கு. காத்து தடுக்கறது வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும், 100-ல போறதை விட 140-ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. புகாட்டி வேய்ரான் முழு வேகத்துல போனா 100 லிட்டர் டேங்க் 12 நிமிஷத்துல காலி ஆகும்னு சொல்வாங்க, அது இந்தக் கணக்குதான். முறுக்கி முறுக்கி ஓட்டறது ஹைவேல 15-லிருந்து 30 சதவீதம் வரைக்கும் மைலேஜைத் தின்னும்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது. முன்னாடி சிக்னல் சிவப்புன்னு தெரிஞ்சதும் காலை எடுங்க. அதையே ஒரு மாசம் பண்ணிப் பாருங்க, ரெண்டு பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதுலயே வந்துடும். அதுவும் முடியலன்னா கிலோமீட்டரைக் குறைச்சுக்குங்க, பத்து தடவை எடுக்கற வண்டியை ஆறு தடவை எடுங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

இதைப் படிக்கறப்ப டேங்க்ல ஏற்கனவே மட்டமான பெட்ரோல் இருந்தா பதற வேணாம். டர்போ அழுத்தம் ஏறாத அளவுக்கு மெதுவா, 2,000-லிருந்து 3,000 ஆர்.பி.எம்-க்குள்ள ஓட்டுங்க, ஸ்போர்ட் மோட் வேணாம், பாதி காலியானதும் இருக்கறதுலயே அதிக ஆக்டேன் போட்டு நிரப்புங்க. ரீமேப் பண்ணின வண்டியா இருந்தா ஓட்டவே ஓட்டாதீங்க, டேங்க்கைக் காலி பண்ணிட்டு நல்லதை ஊத்துங்க. ஏறும்போது கோலிகுண்டு குலுங்கற மாதிரி டிக் டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டா அந்த நொடியே காலை எடுத்துடுங்க, அடுத்த நாள் எந்த மெக்கானிக்கா இருந்தாலும் பரவால்ல, ப்ளக்கைக் கழட்டி உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க.