யூசர் குரூப்: பயனர் குழுவா, பயனாளிகள் சங்கமா?

ஒரே கணினியையோ மென்பொருளையோ வைத்து வேலை செய்பவர்கள் தாங்களாகவே கூடி, தெரிந்ததைச் சொல்லியும் தெரியாததைக் கேட்டும் பழகும் அமைப்புக்கு யூசர் குரூப் என்று பெயர். அந்தப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் ஆதரவு தரலாம், பேச்சாளரை அனுப்பலாம், குலுக்கலில் கொடுக்க ஒரு மென்பொருள் பிரதியும் தரலாம். ஆனால் கூட்டம் பயன்படுத்துகிறவர்களுடையது. வெப் டெவலப்பர்களும் மல்டிமீடியாக்காரர்களும் ஊருக்கு ஊர் நடத்தும் லோக்கல் யூசர் குரூப்புகள் இந்த வகைதான். மாதம் ஒரு மாலை கூடுவார்கள். ஒருவர் பேசுவார், டெமோ காட்டுவார். அதன்பின் கேள்விகள் தொடங்கும். சரக்கு பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கும்.

இதைத் தமிழில் எழுதும்போது பயனர் குழு, பயனாளர் குழு, பயனாளிகள் சங்கம், பாவனையாளர் மன்றம் என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். எது பொருந்தும் என்று சொல்வதற்கு முன், ஆங்கிலச் சொல் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. அகராதியில் இரண்டு சொற்களையும் தனித்தனியே தேடினால் அந்தக் கதை கிடைக்காது.

1950-களில் கணினி வாங்குவது என்றால் பெரும்பாலும் வெறும் இயந்திரத்தை வாங்குவதுதான். அதை வேலை செய்யவைக்கும் நிரல்களில் பெரும்பகுதியை வாங்கியவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் 701 என்ற கணினியை வைத்திருந்த நிறுவனங்கள் ஒரே வகை வேலைக்கான நிரலைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தன. அடுத்து 704 என்ற புதிய கணினி வரப்போகிறது, மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்ற நிலை வந்தபோது, 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் உள்ள ரேண்ட் நிறுவனத்தில் கூடிப் பேசினார்கள். அப்படி உருவான அமைப்பின் பெயர் 'ஷேர்'. எதன் சுருக்கமும் இல்லை; பகிர் என்று பொருள்படும் அதே சொல். வந்தவர்களில் பலர் விமானத் தொழிலைச் சேர்ந்தவர்கள், வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். விமானத்தில் போட்டி போடலாம், நிரலை ஏன் பத்து முறை எழுத வேண்டும் என்பதுதான் கணக்கு. ஐ.பி.எம். 709-க்கு அவர்கள் முன்னின்று உருவாக்கிய இயங்குதளத்துக்கும் ஷேர் என்ற பெயரே வந்தது.

1961-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளுக்காக டெக்கஸ் என்ற யூசர் குரூப் தொடங்கியது. உறுப்பினர்கள் எழுதிய நிரல்களைச் சேர்த்து வைத்து வேண்டியவர்களுக்கு அனுப்பும் நிரலகம் அதன் பெரிய பலம். அடுத்து யூனிக்ஸ் என்ற இயங்குதளம். பல்கலைக்கழகங்களுக்கு அது கைக்கு வந்தது, ஆனால் பழுதென்றால் கேட்க ஆள் இல்லை. பயன்படுத்தியவர்களே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1975-இல் அமைந்த அந்தக் குழு யூனிக்ஸ் என்ற பெயரைத் தாங்கியிருந்தது. உரிமையாளரின் வழக்கறிஞர்கள் ஆட்சேபிக்க, 1977-இல் யூஸ்னிக்ஸ் என்று மாறியது. கருவியின் பெயரைக் குழுவுக்குச் சூட்டுவதில் உள்ள ஆபத்து அப்போதே தெரிந்துவிட்டது.

அதே 1975-இல், மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முறை கூடியது. பாகங்களாக வாங்கித் தாங்களே கோத்துக்கொள்ளும் ஆல்டேர் 8800 என்ற கணினி அப்போதுதான் வந்திருந்தது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் தன் முதல் ஆப்பிள் கணினியைக் கொண்டுவந்து காட்டியது இந்தக் கூட்டத்தில்தான். நிறுவன ஊழியர்களின் ஏற்பாடாக இருந்த யூசர் குரூப், தனிமனிதர்களின் பொழுதுபோக்காகவும் ஆர்வமாகவும் ஊர் ஊராகப் பரவியது இதற்குப் பிறகு.

வலையும் பல்லூடகமும் (மல்டிமீடியா) இந்தக் கதைக்குள் 1990-களில் வருகின்றன. டைரக்டர், ட்ரீம்வீவர், ஃபிளாஷ் ஆகிய மென்பொருள்களை வெளியிட்ட மேக்ரோமீடியா நிறுவனம் தன் பெயரிலேயே யூசர் குரூப்புகளை ஊக்குவித்தது. சி.டி.-ராம் செய்தவரும் இணையதளம் செய்தவரும் அசைவூட்டம் செய்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததற்கு இந்தக் கருவிகள் ஒரே வீட்டிலிருந்து வந்தது முக்கியக் காரணம். 2005-இல் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியது. குழுக்கள் அடோபி குழுக்களாயின. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவும் நின்றது. கருவியின் பெயரைச் சூட்டிக்கொண்ட குழு, கருவி போனதும் பெயரில்லாமல் நிற்கும். வலை, பல்லூடகம் என்று வேலையின் பெயரைச் சூட்டிக்கொண்டால் அந்தச் சங்கடம் இல்லை.

இந்த வரலாற்றில் ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே யூசர் என்பவர் வாங்கி அனுபவிப்பவர் மட்டும் இல்லை. நிரல் எழுதினார், பிழை கண்டுபிடித்தார், கருவியையே மாற்றினார். யூசர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஒரு பொருளைக் கையாள்பவர் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. குரூப் என்பதோ பிரெஞ்சு வழியாக இத்தாலிய குருப்போவிலிருந்து வந்தது. ஓவியத்திலும் சிற்பத்திலும் சேர்ந்து நிற்கும் உருவங்களைக் குறிக்கும் கலைச்சொல்லாகத்தான் அது முதலில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பல்லூடகக்காரர்களுக்கு இது பிடிக்கும்.

இனி தமிழுக்கு. பயனாளி என்பதை முதலில் தள்ளிவிடலாம். அரசுத் திட்டத்தில் உதவி பெறுபவர் என்ற பொருளில் அந்தச் சொல் ஊன்றிவிட்டது. பயனாளிகள் சங்கம் என்றால், ஏதோ மானியம் வரவில்லை என்று மனுக் கொடுக்கப் போகிறவர்கள் என்றே படிப்பவர் நினைப்பார். நுகர்வோர் என்பதும் பொருந்தாது. அது கடைக்கும் சந்தைக்கும் உரியது. பாவனையாளர் ஈழத்தில் இயல்பான சொல். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, அங்கே எழுதுபவர் அதையே எழுதலாம். தமிழ்நாட்டில் பாவனை என்றால் முகபாவமும் பாசாங்கும் நினைவுக்கு வருவதால் குழப்பம் வரும்.

மிஞ்சுவது பயனாளர், பயன்படுத்துநர், பயனர். பயன்படுத்துநர் இலக்கணப்படி துல்லியமானது: இயக்குநர், ஓட்டுநர் போல வினையிலிருந்து பிறந்தது. ஆனால் நீளம், பத்தியில் நான்கு முறை வந்தால் வாசிப்பவர் மூச்சுவாங்குவார். பயனாளர் தவறில்லை, பயனாளியின் நிழல் மட்டும் கொஞ்சம் விழுகிறது. பயனர் குறுகியது, தமிழ் விக்கிப்பீடியா முதல் கைப்பேசித் திரை வரை பழகிப்போனது. என் வாக்கு அதற்குத்தான்.

பயனர் என்பதைப் 'பயன் பெறுபவர்' என்று மட்டும் படித்துவிட்டு, யூசருக்கு இது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பயன் என்பது பயத்தல் என்ற வினையோடு உறவுடையது. பயத்தல் என்றால் விளைதல், தருதல். பெற்றெடுத்தல் என்றும் பொருள். 'நயன்ஈன்று நன்றி பயக்கும் பயன்ஈன்று பண்பின் தலைப்பிரியாச் சொல்' என்ற குறளில் (97) வினையும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே பயனில் பெறுவதும் உண்டு, தருவதும் உண்டு. 1955-இல் சான்டா மோனிகாவில் கூடியவர்களுக்கு யூசரைவிடப் பயனர் என்பதே பொருத்தமான பெயர் என்று தோன்றுகிறது.

குழுவுக்கு வருவோம். இதன் பழைய வாழ்க்கை அத்தனை சாதுவானது இல்லை. 'பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்' இல்லாததே நாடு என்கிறது குறள் (735). அங்கே குழு என்றால் நாட்டைக் கெடுக்கும் கன்னைகள், அதாவது பிரிந்து நிற்கும் கூட்டங்கள். இன்று அந்தக் கசப்பு போய்விட்டது. ஆய்வுக்குழு, விழாக்குழு என்று நல்ல பிள்ளையாக இருக்கிறது. கழகத்தின் கதையும் இதுபோலத்தான். சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். இப்போது பல்கலைக்கழகத்தில் கௌரவமாக வீற்றிருக்கிறது. ஆனால் கழகம் என்றதும் கட்சியும் கொடியும் வந்து நிற்பதைத் தவிர்க்க முடியாது. சங்கம் என்றால் தலைவர், செயலாளர், சந்தா, பதிவு எண். குழு உண்மையில் அப்படிப் பதிவு பெற்றிருந்தால் சங்கம் என்றே சொல்லட்டும். மாதம் ஒரு மாலை கூடிக் கலைபவர்களுக்கு அந்தக் கனம் வேண்டாம். குழுமம் என்பதைப் பல கம்பெனிகளை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு விட்டுவிடலாம். அதன் வேரான குழுமுதல் என்ற வினை மட்டும் எனக்குப் பிடிக்கும். நேரில் கூடுவதைச் சொல்லும் மீட்டப் என்பதற்குக் 'குழுமல்' என்று யாராவது துணிந்து எழுதலாம்.

மீதிச் சொற்களில் வாதம் குறைவு. மல்டிமீடியாவுக்குப் பல்லூடகம் நிலைத்துவிட்டது. ஊடு என்றால் இடை, வழி, செய்தி எதனூடே செல்கிறதோ அது ஊடகம். டெவலப்பருக்கு மேம்படுத்துநர் என்று எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும். மேம்படுத்த ஏற்கெனவே ஒன்று இருக்க வேண்டும். இவர் இல்லாததைச் செய்கிறார். உருவாக்குநர் போதும். லோக்கல் என்பதற்கு ஒரே ஊர் என்றால் உள்ளூர், சுற்றுப்பட்டு ஊர்கள் சேர்ந்தால் வட்டார.

எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி 'வலை மற்றும் பல்லூடக உருவாக்குநர்களுக்கான உள்ளூர்ப் பயனர்கள் குழு' என்று பெயர்ப்பலகை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். 'வலை, பல்லூடகப் பயனர் குழு' என்று எழுதி முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்தால் லோக்கல் என்பதும் வந்துவிடும். பயனர்கள் என்று பன்மை வேண்டாம். ஆசிரியர் குழு, மாணவர் குழு என்பதுபோல அர் என்பதே பன்மையையும் தாங்கும். உயர்திணைப் பெயர் என்பதால் பயனர்க்குழு என்று நடுவில் க் போடவும் வேண்டியதில்லை.