படத்தைச் சாய்த்தால் மலை எழும்பும்

இலங்கை மலையகத் தோட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "உன் லயத்தை" (தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீட்டை) "வரை" என்று சொல்லிப் பாருங்கள். தகரக் கூரை, இஸ்தோப்பு (முன் விறாந்தை), வரிசையாகக் கதவுகள், பின்னால் மலை என்று முன்னால் நின்று பார்ப்பதுபோல்தான் வரையும். வரைபடமோ தலைக்கு மேலிருந்து பார்ப்பது. அதில் லயம் வெறும் நீளக்கட்டை, மலை தட்டை. பிள்ளைகள் தடுமாறும் இடமே இதுதான். செய்மதிப் படங்களால் பூமியைக் காட்டும் கூகுள் எர்த் செயலியில் இரண்டு விரலால் இழுத்தால் படம் சாய்ந்து மலை எழும்பும். நேராக்கினால் மறுபடி படுத்துக்கொள்ளும். நாலு தடவை ஆட்டிப் பார்த்த பிள்ளைக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

சரி, தட்டையான செய்மதிப் படம் எப்படி எழும்புகிறது? அடியில் ஓர் உயரக் கணக்கு இருக்கிறது. 2000 பெப்ரவரியில் நாசாவின் என்டவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. ஓடத்தில் ஓர் அன்டெனா, 60 மீற்றர் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. தரையில் பட்டுத் திரும்பிய அலை இரண்டுக்கும் வந்ததில் இருந்த நுண்ணிய வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணித்தார்கள். ஏறக்குறைய 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. இப்படியான புள்ளிகளை வலையாகப் பின்னி, அதன்மேல் படத்தைப் போர்த்துகிறார்கள், உரலைச் சாக்கால் மூடுவதுபோல. அதனால் சின்னப் பாறைகள் மழுங்கிவிடும். அலை மரங்களிலும் பட்டுத் திரும்புவதால், டர்பன்டைன் தோப்பு நிற்கும் இடம் கொஞ்சம் உயர்ந்தும் போகலாம்.

"மிஸ், அம்மா மலையிலதானே நிக்கிறாங்க, ஏன் தெரியல?" என்று ஏதாவதொரு பிள்ளை கேட்கும். இதை நேரடி ஒளிபரப்பு என்று நினைக்கும் பெரியவர்களும் உண்டு. இது என்றோ எடுத்த படம், அதுவும் மூட்டம் விலகிய நாளில். நம்ம பக்கத்தில் அப்படி ஒரு நாள் வாய்ப்பதே பெரிய காரியம்!

எனக்குப் பிடித்த பாடம் ஆறுகளைப் பற்றியதுதான். மஸ்கெலியா ஓயாவை விரலால் பின்தொடர்ந்தால் அது களனி கங்கையாகி, கொழும்புப் பக்கம் கடலில் விழும். தலவாக்கலையில் ஓடும் கொத்மலை ஓயாவோ மகாவலியில் கலந்து திருகோணமலைக்குப் போகும். மஸ்கெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் நேர்கோட்டில் 20 கிலோமீற்றர்கூட இல்லை. பஸ்ஸில் என்றால் ஹற்றனைச் சுற்றித்தான் போகவேண்டும். அப்படியானால் நடுவில் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். பிள்ளை தானாகவே படத்தைச் சாய்க்கும்.