பேனலைத் திறக்கும் முன் இறக்கையின் வேரைத் திறந்து பாருங்கள்

1970களில் கட்டிய செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற சிறு விமானங்களின் உரிமையாளர்கள் எங்கள் பட்டறைக்கு வந்ததும் பெரும்பாலும் விமானிக்கு முன்னுள்ள கருவிப் பேனலின் திரைகளைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எந்த ஜிபிஎஸ் போடலாம், ஆட்டோபைலட் பொருந்துமா, கைரோக் கருவிகளை ஓட்டும் வேக்யூம் பம்பைக் கழற்றிவிடலாமா? இவற்றுக்கு விடை சொல்வது எளிது. ஆனால் அந்த விமானத்தின் மேல் இனியும் பணம் போடலாமா என்பதற்கு விடை பேனலில் கிடைக்காது. தரைவிரிப்புக்கு அடியில், பின் இருக்கைக்குப் பின்னால், இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பகுதியில்தான் அதைத் தேட வேண்டும். அங்கே விளக்கடித்துப் பார்க்காமல் புதுப் பேனல் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டுச் சோதனையில் ஸ்பாரில் (இறக்கையின் நீளத்துக்கும் ஓடி அதைத் தாங்கும் உத்தரத்தில்) அரிப்பு என்று கேட்டுத் திகைக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. எஞ்சினை மாற்றலாம், ரேடியோவை மாற்றலாம். ஸ்பாரை மாற்ற இறக்கையையே பிரிக்க வேண்டும். விலை குறைந்த பழைய மாடல்களில் அந்த ஒரு வேலையே விமானத்தின் மதிப்பை விழுங்கிவிடும்.

எனவே பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் கூடு (விமானத்தின் உடலும் இறக்கைகளும் வாலும்), பிறகு எஞ்சின், கடைசியில் பேனல்.

கூட்டின் உண்மையான வயது

கட்டிய ஆண்டை மட்டும் வைத்து வயதைக் கணிக்க முடியாது. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டேடோனா பீச்சில் பயிற்சிப் பறப்பில் இருந்த ஒரு பைப்பர் பிஏ-28ஆர்-201 விமானத்தின் இடது இறக்கை வானிலேயே பிரிந்தது. இருந்த இருவரும் இறந்தார்கள். அது 2007-இல் கட்டிய விமானம். ஆனால் 7,600 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தது. பிரதான ஸ்பாரின் கீழ்ப்பட்டையில், இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட் துளையில் உலோகச் சோர்வு விரிசல் வளர்ந்திருந்தது. இதற்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2020-26-16 என்ற எண்ணில் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. பல பிஏ-28, பிஏ-32 மாடல்களில், மொத்தப் பறப்பு மணியோடு எத்தனை 100 மணிநேரச் சோதனைகள் நடந்தன என்பதையும் கணக்கில் எடுத்து, அந்தத் துளைகளை எடி கரண்ட் முறையில் (மின்காந்தத்தால் விரிசலைக் கண்டறியும் முறை) சோதிக்கச் சொல்கிறது அந்த உத்தரவு. 100 மணிச் சோதனை நடந்திருந்தால் விமானம் பயிற்சிக்கோ வாடகைக்கோ ஓடியிருக்கிறது என்று பொருள். தரையிறங்கி உடனே மேலேறும் பயிற்சியில் இறக்கை தாங்கும் சுமை, நீண்ட தூரம் நிதானமாகப் பறப்பதில் தாங்குவதைவிட மிக அதிகம். பறப்பு மணியும் பராமரிப்பும் பதிவான பழைய லாக்புக் தொலைந்துபோன விமானத்துக்கு இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட வழியே இல்லை. லாக்புக் தொலைந்தால் விலையை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே தாழப் பறந்து நில ஆய்வு செய்துகொண்டிருந்த செஸ்னா டி210எம் விமானத்திலும் இறக்கை பிரிந்தது. அங்கே குற்றவாளி, இரண்டு இறக்கைகளையும் உடலுக்குக் குறுக்கே இணைக்கும் ஸ்பார். மேற்பரப்பில் இருந்த ஒரு சிறு அரிப்புக் குழியில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. கண்ணால் பார்த்தால் புள்ளிபோல் தெரியும் அரிப்பை ஏன் அலட்சியப்படுத்தக்கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஒவ்வொரு தயாரிப்புக்கும் அதற்கே உரிய பலவீனம் உண்டு. பழைய செஸ்னாக்கள் பலவற்றில் உட்புற அரிப்புத் தடுப்புப் பூச்சைத் தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்கினால்தான் அடிப்பார்கள். கேட்காதவர்களுக்கு அலுமினியம் வெறுமனேதான் வந்தது. எலி கூடு கட்டிச் சிறுநீர் கழித்த இடமெல்லாம் அரித்துப்போயிருக்கும். மூனி எம்20-இல் பயணியர் பகுதியைச் சுற்றி எஃகுக் குழாய்ச் சட்டம் இருக்கிறது. ஜன்னல் ஓரம் கசிந்த மழைநீர் கண்ணாடி இழைக் காப்பில் ஊறி அந்தக் குழாயோடு ஒட்டிக் கிடக்கும். உட்புறப் பலகைகளைக் கழற்றாமல் அந்தத் துருவைக் கண்டுபிடிக்க முடியாது. வி வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்சாவில் வாலின் அசையும் பரப்புகள் மெக்னீசியம் தகட்டால் ஆனவை. அவை அரித்துவிட்டால் நல்ல மாற்று கிடைப்பது பெரும்பாடு. அப்படிப்பட்ட பொனான்சாவில் வால் கெட்டிருந்தால், எஞ்சின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதை மேம்படுத்த நாங்கள் சம்மதிப்பதில்லை.

நல்ல சோதனைக்கு இருக்கைகள், தரைவிரிப்பு, பக்கப் பலகைகள், எல்லாப் பார்வை மூடிகளும் கழற்றப்பட வேண்டும். ரிவெட் தலையைச் சுற்றிப் புகை படிந்தாற்போல் கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த ரிவெட் உள்ளே அசைகிறது. வண்ணப்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் தடம் தெரிந்தால் அது மேல்தோல் அரிப்பு, சுரண்டிச் சரிசெய்யலாம். உலோகம் அடுக்கடுக்காக உப்பி உரிந்தால் அது வேறு கதை, அந்தப் பாகமே போய்விட்டது. செஸ்னாவில் இருக்கைத் தண்டவாளத் துளைகளையும் அளந்து பாருங்கள். தேய்ந்த துளையில் பூட்டு நழுவி, மேலேறும்போது விமானியின் இருக்கை பின்னால் ஓடி விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. அதற்கும் கட்டாய உத்தரவு இருக்கிறது.

எஞ்சின்: மணியைவிட ஓய்வுதான் ஆபத்து

லைகாமிங் ஓ-320, ஓ-360 எஞ்சின்களுக்கு ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பது) இடைவெளி பொதுவாக 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. விற்பனை விளம்பரங்களில் மணி மட்டும்தான் வரும். ஓவர்ஹால் ஆகி 400 மணிதான் ஓடியது, ஆனால் ஓவர்ஹால் நடந்து 22 ஆண்டாகிறது என்றால் அது புது எஞ்சின் அல்ல. லைகாமிங்கில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்தியதும் எண்ணெய் வடிந்து கேம் காய்ந்துவிடும். ஈரம் படிந்து துருப்பிடிக்கும். அடுத்த முறை ஓடும்போது அந்தத் துரு, கேமோடு உரசும் டேப்பெட்டின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, கேமின் முனையைத் தேய்த்துத் தள்ளும். 1977 முதல் 1980 வரை 172என் மாடலில் வந்த ஓ-320-எச்2ஏடி இதில் பேர்பெற்றது. அதற்குத் தனிச் சேர்க்கை எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றே உத்தரவு உண்டு.

சிலிண்டர் அழுத்தச் சோதனையில் 80-க்கு 75 வந்தது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்த எண்ணுக்குக் கேமைப் பற்றி எதுவும் தெரியாது. எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்துக் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஆய்வில் இரும்பின் அளவு தொடர்ந்து ஏறுகிறதா என்று மூன்று நான்கு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அறிக்கையால் பயன் குறைவு. வெளியேற்று வால்வை போரஸ்கோப்பில் (சிலிண்டருக்குள் நுழைக்கும் சிறு கேமராவில்) பார்த்தால், எரிந்துகொண்டிருக்கும் வால்வின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறி, வட்டச் சீர் குலைந்து தெரியும்.

எஞ்சினைப் புதுப்பிப்பது என்று முடிவானால் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓவர்ஹால் என்பது சரிபார்த்துச் சேர்ப்பது. பழைய மணிக்கணக்கு தொடரும். ரீபில்ட் என்பது தயாரிப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மட்டுமே செய்யக்கூடியது; லாக்புக் பூஜ்யத்தில் தொடங்கும். மூன்றாவது புத்தம் புது எஞ்சின். ஓவர்ஹாலுக்கு மதிப்பீடு வாங்கும்போது கிராங்க்ஷாஃப்டும் கேஸும் (எஞ்சின் உறை) தேறாவிட்டால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மதிப்பீடு அவை இரண்டும் தேறும் என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. இறகுக் கோணம் மாறாத புரொப்பெல்லர் கொண்ட லைகாமிங்குகளில் கிராங்க்ஷாஃப்டின் உள்துளை குழிவிழுந்து அரிப்பது தெரிந்த பிரச்சினை.

மேம்படுத்தினாலும் மாறாதவை

இதுதான் அதிகம் ஏமாற்றம் தரும் இடம். வேகம் வேண்டும் என்று 150 குதிரைத்திறனிலிருந்து 180-க்கு மாற்றுகிறார்கள். திறன் 20 சதவீதம் கூடுகிறது. ஆனால் ஒரே உயரத்தில் மட்டமாகப் பறக்கும்போது வேகம் திறனின் கனமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும். 1.2-இன் கனமூலம் சுமார் 1.06. 110 நாட் (கடல் மைல்/மணி) வேகத்தில் பறந்த விமானம் 117 நாட் வேகத்தில் பறக்கும், அவ்வளவுதான். எரிபொருள் செலவு ஏறக்குறைய திறனுக்கு இணையாகக் கூடும். மேலேறும் வேகமும் குறுகிய ஓடுதளத்தில் கிளம்பும் திறனும் நன்றாகவே மேம்படும். அவை தேவைப்படுபவருக்கு இந்த மாற்றம் தகும். சீக்கிரம் போய்ச் சேர விரும்புபவருக்கு வேறு விமானம்தான் வழி.

சுமையும் அப்படித்தான். 1970களின் 172எம் மாடலுக்கு அதிகபட்ச எடை 2,300 பவுண்டு. உங்கள் விமானத்தின் எடைத்தாளில் வெற்று எடை 1,450 என்றிருந்தால் மிச்சம் 850. பயன்படும் எரிபொருள் 38 கேலனுக்கு 228 பவுண்டு போக 622. பெரியவர்கள் மூன்று பேரும் கொஞ்சம் பைகளும். வேக்யூம் பம்ப், பழைய கைரோக்கள், யாரும் பயன்படுத்தாத ஏடிஎஃப் என்ற பழைய ரேடியோ வழிகாட்டி, அதன் ஆன்டெனா, பல ஆண்டாகக் கழற்றாமல் விட்ட செத்த கம்பிகள் ஆகியவற்றை எடுத்தால் சில பத்து பவுண்டுகள் திரும்பக் கிடைக்கும். நான்காவது ஆளை ஏற்ற அது போதாது. இதில் பலர் கவனிக்காதது ஒன்று: இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் 172எஸ் மாடலின் அறிவிக்கப்பட்ட சுமைத் திறன் 878 பவுண்டுதான். அதிகபட்ச எடை கூடியிருக்கிறது, வெற்று எடையும் கூடவே கூடிவிட்டது. ஆள் ஏற்றுவதற்காக 172-ஐ விற்றுப் புது 172 வாங்குவதில் பொருள் இல்லை. செஸ்னா 182 போன்ற வேறு வகைக்குத்தான் போக வேண்டும்.

பேனலில் எது தகும்

கூடும் எஞ்சினும் தேறிய பிறகு பேனல் பேச்சு இனிமையானது. எங்கள் கணிப்பில் பாதுகாப்புக்கு அதிகப் பலன் தருபவை இரண்டு: வேக்யூம் கைரோவுக்குப் பதிலாக பேட்டரிக் காப்புடன் வரும், விமானத்தின் சாய்வைக் காட்டும் மின்னணு நிலைகாட்டி, பிறகு நவீன ஆட்டோபைலட். உலர் வேக்யூம் பம்பின் கரித்தகடுகள் முன்னறிவிப்பின்றி உடையும். மேகத்துக்குள் அது நடந்தால் கைரோ மெல்லச் சாய்ந்து விமானியை ஏமாற்றும். கார்மின் ஜி5, ஜிஐ 275 போன்றவை வந்தபின் பழைய விமானங்களுக்கும் இது எட்டும் தொலைவில் இருக்கிறது. ஆனால் உங்கள் மாடலும் வரிசை எண்ணும் அந்தக் கருவியின் எஸ்டிசி (சான்று பெற்ற விமானத்தில் மாற்றம் செய்ய ஆணையம் தரும் ஒப்புதல்) அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆட்டோபைலட்டுக்கு மாடல் வாரியாகத் தனி அனுமதி வேண்டும். அருமையான விமானம் பட்டியலில் இல்லாததாலேயே திட்டம் கைவிடப்பட்டதுண்டு.

1998-இல் வந்த கார்மினின் ஜிபிஎஸ் கருவியான ஜிஎன்எஸ் 430 இன்னும் பல பேனல்களில் உழைக்கிறது. அதைச் சுற்றிப் புதுக் கருவிகளைக் கட்டுவது நல்லதல்ல. திரை போனால், பழுதுபார்க்க முடிந்தாலும் அந்தச் செலவு, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்காகிவிடும்.

மதிப்பீட்டில் மறைந்திருக்கும் செலவு கம்பிகள். பழைய காப்புறை காய்ந்து, தொட்டால் விரிசல் விடும். பேனலுக்குப் பின்னால் மூன்று தலைமுறைக் கம்பிகள் பின்னிக் கிடக்கும். பழைய கம்பியோடு புதுக் கருவியை இணைத்தால் ரேடியோவில் இரைச்சலும், வந்து வந்து போகும் கோளாறும் வரும். அதைத் தேடும் கூலி, முழுக்கப் புதுக்கம்பி போடும் கூலியை நெருங்கும். ஒரே முறை பேனலைக் கழற்றி முழுதாகச் செய்வதே சிக்கனம்.

மூன்று தொகைகள்

முடிவெடுக்கும் முன் மூன்று தொகைகளை எழுதிப் பாருங்கள். முதலாவது, விமானத்தின் இன்றைய மதிப்பு. இரண்டாவது, மேம்படுத்தும் முழுச் செலவு, அதோடு கழற்றினால் தெரியவரும் வேலைகளுக்காகக் குறைந்தது கால்பங்கு கூடுதல். மூன்றாவது, நீங்கள் நினைக்கும் கருவிகளும் எஞ்சினும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட அதே மாடலின் சந்தை விலை. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிட வெகுவாக அதிகமாக இருந்தால், வேறொருவர் செலவழித்து முடித்ததை வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனெனில் பேனலில் போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்புவதில்லை. வித்தியாசம் சிறிதாக இருந்தால் உங்கள் விமானத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு நீங்களே பராமரித்த விமானத்தின் குறைகள் உங்களுக்குத் தெரியும். வாங்கப்போவதன் குறைகள் தெரியாது. அந்த அறிவுக்கும் விலை உண்டு.

காப்பீட்டு மதிப்பை மறக்காதீர்கள். பேனல் முடிந்த அன்றே காப்பீட்டில் ஒப்புக்கொண்ட விமான மதிப்பை உயர்த்தாவிட்டால், சிறு மோதலில்கூட முழு இழப்பு என்று தீர்த்துப் பழைய தொகையைக் கொடுத்துவிடுவார்கள்; புதுப் பேனலும் விமானத்தோடு போய்விடும்.

வேலை நடக்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள். அவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அத்தனை நாளும் எஞ்சின் ஓடாமல் நிற்கும். பேனல் பளபளக்கும்போது கேம் துருப்பிடித்திருக்கும். 30 நாளுக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் பட்டறையில் விடும் முன்பே பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி ஓட்டி, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களைப் பொருத்தி, வெளியேற்றுக் குழாயையும் காற்று நுழைவையும் மூடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தரையில் பத்து நிமிடம் ஓட்டுவது உதவாது. எண்ணெய் 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி ஒரு மணியாவது பறந்தால்தான் ஈரம் வெளியேறும்; தரையில் ஓட்டினால் ஈரம் கூடத்தான் செய்யும்.

விமானத்தைத் திரும்ப எடுக்கும் நாளில் சாவிக்கு முன் காகிதங்களைக் கேளுங்கள்: திருத்திய எடைத்தாள், பெரிய மாற்றத்துக்கான அனுமதிப் படிவம், எஸ்டிசி நகல், பறப்புக் கையேட்டின் இணைப்பு, புதுக் கம்பி வரைபடம். பேனலை மூடும் முன் பின்புறத்தைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு சர்க்யூட் பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது, கோளாறைத் தேடும் மெக்கானிக் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.