இழுத்த வில்லை இறக்கத் தெரியுமா?

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) பழக வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி உண்டு என்றானதும் கேட்கவே வேண்டாம். வருகிற எல்லோருக்கும் முதல் நாளே அம்பு விட வேண்டும். நான் முதல் வாரம் வில்லை இழுத்து, எய்யாமல் திரும்ப இறக்கத்தான் சொல்லித்தருவேன். அந்த வாரம் பாதிப் பேருக்கு என் மேல் கோபம்தான்.

போன வருடம் ஒரு மாணவனின் அப்பா, மகன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஸ்டாண்டில் இருந்த வில்லைக் கையில் எடுத்தார். "சும்மா எவ்ளோ வெயிட்னு பாக்கறேன் சார்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வெறும் விரலால் நாணை இழுத்துவிட்டார். பாதி தூரம் முக்கிக்கொண்டு வந்தவருக்குச் சட்டென்று வில் லேசாகிவிட்டது. இவ்வளவுதானா என்பது போல் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே நாண் விரலிலிருந்து வழுக்கியது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். நாண், கேம் என்கிற முனைச் சக்கரத்திலிருந்து கழன்று தொங்கியது, மேல் லிம்ப், அதாவது வில்லின் வளையும் பகுதி, நீளவாக்கில் பிளந்திருந்தது. நல்லவேளை, மனிதருக்கு முன்கையில் ஒரு சிராய்ப்புதான்.

அந்த லேசுதான் ஏமாற்றுகிறது. முனைகளில் இருக்கும் கேம் சரியான வட்டமாக இருக்காது. 50 பவுண்டு வில்லை இழுக்கும்போது வழியில் அந்த 50 பவுண்டும் தோளுக்குத் தெரியும். கேம் திரும்பி முடிந்ததும், 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதாக இழுத்ததும் குறையும் பாரம்) உள்ள வில்லில், நீங்கள் தாங்குவது 10 பவுண்டுதான். ஆனால் வளைந்த லிம்பில் ஏறிய சக்தி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அம்பு இருந்தால் பெரும்பகுதியை அது கொண்டுபோய்விடும். இல்லாவிட்டால் அடி முழுக்க வில்லுக்குத்தான். இதை டிரை ஃபயர் என்போம். வெளியே கீறல் தெரியாவிட்டாலும், விவரம் தெரிந்த டெக்னீஷியன் பார்க்காமல் அந்த வில்லை மறுபடி இழுக்கக்கூடாது. அம்பின் வாலில் நாணைக் கவ்வும் நாக் லூசாக இருந்து, இழுக்கும்போதே அம்பு நாணை விட்டு நழுவியதைக் கவனிக்காமல் விட்டாலும் இதே கதிதான்.

இறக்குவது ஏன் கஷ்டம்? கையை இரண்டு அங்குலம் முன்னால் விட்டதும் 10 பவுண்டு பழையபடி 50 ஆகிவிடும். வில் உங்களை இழுத்துக்கொண்டு போகும். பதற்றத்தில் விரல், நாணைக் கவ்வி இழுக்கும் கைக்கருவியான ரிலீஸின் ட்ரிகரில் பட்டால் அம்பு போய்விடும், எங்கே என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் விரலை ட்ரிகருக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அம்பின் முனை கடைசி வரை இலக்குப் பலகையைவிட்டு விலகக்கூடாது. வில் பிடித்த கையைத் தளர்த்தாமல், முதுகின் பிடியை மெதுவாக விட்டு இறக்குங்கள். இழுக்கும்போதும் விரல் ட்ரிகருக்குப் பின்னால்தான். ஆரம்பத்தில் இதை மறந்து என் தாடையில் நானே ஒரு குத்து விட்டுக்கொண்டவன் நான்.

வில்லை இழுக்கும் பாரம் உங்களுக்கு ஏற்ற வெயிட்டா என்று பார்க்க ஒரு வழி. அம்பைப் பொருத்தி, இலக்கைப் பார்த்து நாற்காலியில் உட்காருங்கள். வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுத்து, நேராக இறக்க வேண்டும். முடியவில்லையா, லிம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்துங்கள், கையேட்டில் சொன்ன வரம்புக்குள். 60 பவுண்டு வாங்கிவிட்டேன் என்ற பெருமைக்கு நான் பொறுப்பில்லை.

இதற்கும் குறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். 50 மீட்டரில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர்தான். இழுத்துப் பிடித்து ஏழெட்டு விநாடி தாண்டினால் கை ஆடும், கண் மங்கும். இறக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? குறிபார்க்கும் புள்ளி இலக்கின் நடு மஞ்சளைத் தொட்ட நொடியில் ட்ரிகரைப் படக்கென்று அடிப்பான். ஆறோ ஏழோ விழும். நாளடைவில் அதுவே பழக்கமாகிவிட்டால் மாற்ற மாதக்கணக்காகும். இறக்கப் பழகியவனுக்கு அந்த அவசரம் இல்லை. இருவர் மாறி மாறி எய்யும் தனிநபர் நேரடிச் சுற்றில் ஒரு அம்புக்கு 20 விநாடிதான், அதற்குள்ளும் ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி இழுத்துப் பத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், கார்பன் அம்பை எய்வதற்கு முன் லேசாக வளைத்துக் காதருகில் வைத்துக் கேளுங்கள். மெல்லிய நொறுங்கல் சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும்போது சிதறி, சிம்பு கைக்குள் ஏறும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைக்காதீர்கள். வீட்டில், லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் கருவி இல்லாமல் நாண் மாற்றவே கூடாது.

அந்த அப்பா லிம்புக்குக் காசு கொடுத்தார், அடுத்த மாதம் அவரும் சேர்ந்துவிட்டார். இப்போது 35 பவுண்டு. பத்து இழுப்புக்கு மூன்று முறை, எப்போது என்று சொல்லாமல், "இறக்குங்க" என்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இறக்குகிறார். மகன் பின்னால் நின்று, "அப்பா, விரல்!" என்கிறான்.