இரண்டு லேசர்கள் கைகோர்க்கும் படிகம்

"ஒரு வாட் லேசர் பத்தைச் சேர்த்துக் கட்டினால் பத்து வாட் லேசர் ஆகிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பத்து வாட் வெளிச்சம் கிடைக்கும். பத்து வாட் லேசர் கிடைக்காது. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா?

அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்தால் வீச்சு பத்து மடங்காகும். செறிவு வீச்சின் வர்க்கம் என்பதால், நடுப்புள்ளியில் ஒரு லேசரைப்போல நூறு மடங்கு பிரகாசம் வரும். மொத்த சக்தி அதே பத்து வாட்தான். ஓரங்களுக்குப் போகவேண்டியது நடுவில் குவிகிறது. ஆனால் அகச்சிவப்பு லேசரின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். அரை மைக்ரான் தள்ளிப்போனாலே முகட்டின் மேல் பள்ளம் விழுந்துவிடும். லேசர் லேசாகச் சூடானாலே போதும், அவ்வளவு தள்ளிப்போய்விடும்.

இதை மின்னணுச் சுற்றுகளால் கண்காணித்துத் திருத்தலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: பேரியம் டைட்டனேட் படிகம். பார்க்கச் சின்னக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டங்கள் கிளம்பி, இருட்டான இடத்தில் போய் உட்காரும். அதனால் உள்ளே மின்புலம் உண்டாகி ஒளிவிலகல் எண் மாறும். அதாவது, ஒளி தன் பாதையைத் தானே மாற்றிக்கொள்கிறது. இப்படிப்பட்ட பொருளைத்தான் நேரியல்பற்ற ஊடகம் என்கிறோம்.

இப்போது இரண்டு லேசர்களை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து உள்ளே விடுங்கள். படிகத்தின் குறைகளில் பட்டு ஒவ்வொரு கதிரும் கொஞ்சம் சிதறும். சிதறிய ஒளியும் கதிரும் சேர்ந்து, உள்ளே ஒளிவிலகல் எண் கூடியும் குறைந்தும் மாறிமாறி வரும் ஆயிரக்கணக்கான மங்கலான கோட்டு வரிசைகளை எழுதும். அவற்றில் இரண்டு கதிர்களும் ஒரே மாதிரி எழுதிய வரிசை மட்டும் இரண்டு பேர் உழைப்பில் வலுக்கும். மற்றவை மங்கிப்போகும். அந்த வரிசையில் பட்டு விலகும் முதல் லேசரின் ஒளி, இரண்டாவது கதிர் வந்த வழியிலேயே பின்னோக்கிப் போய் அந்த லேசருக்குள் நுழையும். இரண்டாவதன் ஒளியும் அப்படியே முதல் லேசருக்குள் போகும். யாரும் ஆடியைத் திருப்பி நேர்செய்யவில்லை! 1987இல் இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிஷர் குழு இதை விளக்கிக் காட்டியது.

அப்புறம் நடப்பது பள்ளிப் பாடம். தூண்டிய ஒளியின் தாளத்திலேயே தூண்டப்பட்ட ஒளியும் பிறக்கும். இரண்டு லேசர்களின் அதிர்வெண்ணும் நெருக்கமாக இருந்தால், விருந்தாளி ஒளியின் தாளத்துக்கு வீட்டு ஒளியும் வந்துவிடும்.

வந்த வழியே திரும்பும் ஒளியை 1972இல் மாஸ்கோவில் ஸெல்டோவிச் குழு கண்டது. சொரசொரப்பான கண்ணாடி வழியே போய்க் குலைந்த ரூபி லேசர் கதிர், மீத்தேன் நிரப்பிய குழாயில் பட்டுத் திரும்பி, அதே கண்ணாடியைக் கடந்ததும் பழையபடி சீராகிவிட்டது. "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாய்தான் எனக்கு ஞாபகம் வரும். பதில் தெரியாத கேள்விக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, குறையே இல்லையா? உண்டு. மிதமான ஒளியில் கோடுகளை எழுதி முடிக்கச் சில நொடிகள் ஆகும். அதைவிட வேகமான நடுக்கத்தைப் படிகத்தால் துரத்த முடியாது. குளிரும் இதற்கு ஆகாது. 5 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் உள்ளமைப்பே மாறி, விரிசல்கூட விடலாம்.